பாட்டிலில் தண்ணீர், ரேடியேட்டரில் காற்று

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் அம்மாவுக்குத் தலை சுற்றியது, ஓரமாக நிறுத்தினோம். இறங்கி நின்ற தங்கைதான் முதலில் பார்த்தாள். "அண்ணா, வண்டிக்கு அடியில பச்சையா என்னமோ ஒழுகுது."

டாஷ்போர்டில் வெப்பமுள் நடுவில்தான் நின்றது. ஆவி இல்லை, வாடை இல்லை. பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் கழுத்துவரை நிறைந்து, ஓரத்துக் குழாய் வழியே சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தெருநாய் அதை முகர்ந்து பார்க்க வந்தது. தங்கை அதைத் துரத்தினாள். ஏன் துரத்தியது நல்லது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கார் 2005 மாடல். நான்கு சிலிண்டர், பெட்ரோல், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் அலுமினியம். அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. மலை ஏறுவதற்கு மூன்று நாள் முன்புதான் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். அங்கே இருந்த பையன், கேட்காமலேயே அந்த பாட்டிலை வாய்வரை நிரப்பிக் கொடுத்திருந்தான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. இந்த அளவு எஞ்சினில் சுற்றும் நீர் ஏறக்குறைய 5 லிட்டர். காலையில் 30 டிகிரியில் இருக்கும் நீர் 90 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 3 சதவீதம் பெருக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று அதிகம். அதாவது 150 முதல் 200 மில்லி, நம் வீட்டு டம்ளரில் ஒரு டம்ளர். அந்த டம்ளர் தண்ணீர் போய் இருக்கத்தான் பாட்டிலில் LOW கோட்டுக்கும் FULL கோட்டுக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறார்கள். பையன் அந்த இடத்தையும் நிரப்பிவிட்டான். மிச்சம் ரோட்டில் ஒழுகியது. அவ்வளவுதான். பேசாமல் விட்டிருந்தால் அடுத்த நாளே சரியாகியிருக்கும்.

நான் விடவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உஸ் என்று ஒரு சத்தம். உள்ளே தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பயந்துபோய்ப் பின்கட்டுக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து ஊற்றினேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அது. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, மாதம் ஒரு முறை புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும் தண்ணீர். அதற்கடுத்த நாளும் அதேபோலக் குறைந்திருந்தது, அதே சொம்பு. மூன்றாம் நாள் பாட்டில் மறுபடி நிரம்பி ஒழுகியது.

ரேடியேட்டரில் குறைகிறது, பாட்டிலில் வழிகிறது. இரண்டும் ஒரே கதை என்று எனக்குத் தோன்றவே இல்லை. "தண்ணி குடிக்குது" என்று ஒருவரிடம், "தண்ணி வழியுது" என்று இன்னொருவரிடம் சொன்னேன். ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள்.

முதல் மெக்கானிக், "ரேடியேட்டர் அடைச்சிருக்கு சார்" என்றார். கழற்றி, மருந்து ஊற்றிக் கழுவி மாட்டிக் கொடுத்தார். அடைப்பு இருக்கிறதா என்று கழற்றாமலேயே பார்க்க முடியும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முகத்தின் மேல் ஓர் அகச்சிவப்பு வெப்பமானியை மேலும் கீழுமாக ஓட்டினால் போதும். சூடு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போனால் நீர் ஓடுகிறது. நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று ஆறிக் கிடந்தால் அங்கே அடைப்பு. அவர் அப்படிப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் ஊற்றிய தண்ணீருக்கு எப்படியும் இன்னும் இரண்டு வருடத்தில் அடைத்திருக்கும். சுண்ணாம்பு உப்பின் குணம் சர்க்கரைக்கு நேர் எதிர். தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைவது குறைந்து வெளியே வந்து படியும். எஞ்சினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அது முதலில் ஒட்டும். எங்கே குளிர்ச்சி அதிகம் தேவையோ அந்த இடத்துக்கே கம்பளி போர்த்தியது போல.

கழுவிய பிறகும் ஒழுகல் நிற்கவில்லை. இரண்டாவது மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது நீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து நிற்கும் வால்வை, கழற்றிக் கையில் கொடுத்தார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வெச்சது." நம் ஊரில் இதைச் சொல்லாத மெக்கானிக் குறைவு. கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட்டின் வேலை குளிரிலிருந்து காப்பது மட்டும் இல்லை. எஞ்சின் உள்ளே 80, 90 டிகிரியில் ஓடத்தான் ஆயில் முதல் பிஸ்டன் இடைவெளி வரை எல்லாம் கணக்கிடப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு ஒரு பக்கவழியை மூடும். அந்த மாதிரி வண்டியில் இதைக் கழற்றிவிட்டால் சூடான நீரில் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்விக்கக் கழற்றியது கொதிக்க வைக்கும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பழைய அலுமினியச் சட்டியில் போட்டுக் காய்ச்சினேன். அம்மா அந்தச் சட்டியை அப்புறம் அடுப்படிக்குள் விடவே இல்லை, சரிதான். நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டர். 82 டிகிரி என்று அதன் மேலேயே பொறித்திருந்தது. உள்ளே ஒரு சிறு செப்புக் குப்பியில் மெழுகு, அது உருகிப் பெருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. 82ஐத் தாண்டியதும் மெல்லக் கண் திறந்தது, 95 பக்கத்தில் முழுசாகத் திறந்து நின்றது. எந்தக் குறையும் இல்லாத சாமான். அதைத்தான் கழற்றியிருந்தோம். அன்றே திரும்பப் போய் மாட்டியிருக்கலாம். சோம்பல், மேசை இழுப்பறையில் போட்டேன்.

மூன்றாவதாக ஓர் எலக்ட்ரீஷியன். அவர் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார், ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. "ஸ்விட்ச் போயிருச்சு. டைரக்ட் கொடுத்துடறேன், சாவி போட்டா ஓடும்." எனக்கு அப்போது மகிழ்ச்சி, ஒருவழியாகக் குறை கிடைத்துவிட்டது என்று. உண்மையில் ஸ்விட்சும் நன்றாகத்தான் இருந்தது. நீர் 90ஐத் தாண்டினால்தான் அது ஃபேனைப் போடும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் ஐந்து நிமிடத்தில் நீர் அந்தச் சூட்டுக்கு வருமா? முன்னவர் செய்த வைத்தியம் பின்னவருக்கு நோயாகத் தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அந்த ஃபேன் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே என்ற தனி ஸ்விட்ச் இல்லாமல், சாவி வழியாக வரும் மெல்லிய ஒயரில் அதைச் சேர்த்திருந்தார். சித்திரை மாதம், ஐந்து ரோடு சந்திப்பில் நெரிசல், ஏசி போட்டிருக்கிறேன். ஏசியில் இருந்து வெந்த காற்று வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஃபேன் நின்றுவிட்டது, ஒயர் உருகி ஃப்யூஸ் போயிருந்தது. வெப்பமுள் மேலே ஏறியது. சிக்னலுக்கு நிற்கும்போது இன்னும் ஏறியது. அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. அப்பாடா என்று வண்டியை வீடுவரை ஓட்டினேன்.

அந்த ஒரு 'அப்பாடா'வுக்குத்தான் பிறகு நான் காசு கொடுத்தேன். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் கொதித்து வெளியேறி, சென்சார் இருக்கும் இடத்தில் ஆவியும் காற்றும் நின்றுவிட்டால், அது தொடுவதைத்தான் சொல்லும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் இறங்கிக்கொண்டிருக்கும். காரணம் இல்லாமல் ஏறிய முள் காரணம் இல்லாமல் இறங்கினால், அங்கேயே சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவது நல்லது. வீடு 2 கிலோமீட்டர்தான் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கணக்கில் வரக்கூடாது.

இதற்கு அப்புறம்தான் மாமா சொல்லி மெக்கானிக்கான ஒரு பெரியவரிடம் போனேன். மாமா பல வருடம் டாக்ஸி ஓட்டியவர். அவருடைய வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் பளபளவென்று இருக்கும், சூடாக இருந்த ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்ததன் அடையாளம். மூடி இருக்கும்வரை உள்ளே நீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடங்கி நிற்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போகும், அத்தனை நீரும் ஒரே நேரத்தில் கொதித்துப் பீறிடும். ஈரத் துணி, தடித்த துணி எதுவும் தடுக்காது. ரேடியேட்டரின் மேல் ஓஸை, அந்த ரப்பர் குழாயை, வெறுங்கையால் பிடித்து நிதானமாக வைத்திருக்க முடிகிறவரை மூடியில் கை வைக்காதே என்பது மாமாவின் சட்டம்.

பெரியவரின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. நான் முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்னென்ன மாத்துனீங்கங்கறது அப்புறம் தம்பி. எப்ப ஒழுகுது? ஓடும்போதா, நிறுத்துனதுக்கப்புறமா?"

எனக்குத் தெரியவில்லை.

"காலையில பாட்டில்ல எவ்வளவு நிக்குது?"

நிறைய இருக்கும் என்றேன்.

"ரேடியேட்டர்ல?"

குறைவாக இருக்கும் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அந்தப் பதில் வினோதமாகப் பட்டது. பெரியவர் சிரித்தார். வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எதையும் திறக்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது. ரேடியேட்டரின் மேல் ஓஸைக் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் குழாய், யாரோ மிதித்தது போலச் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்தார். அந்த உஸ். இத்தனை நாளும் அது அழுத்தம் வெளியே வரும் சத்தம் என்று நினைத்திருந்தேன். "கையை வெச்சுப் பாருங்க" என்று மூடியை மறுபடி அரைகுறையாக வைத்துக் காட்டினார். காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஓஸ் மெல்ல உப்பி உருண்டையானது.

ரேடியேட்டர் மூடியை நாம் மூடி என்று சொல்கிறோம், அதில்தான் கோளாறே. அது இரண்டு வால்வுகள். பெரிய ஸ்பிரிங் கொண்ட ஒன்று, உள்ளே அழுத்தம் 0.9 பார் வரும்வரை பிடித்து வைத்திருக்கும். அந்த 0.9 என்ற எண் மூடியின் தலையிலேயே இருக்கும், சில வண்டிகளுக்கு 1.1. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிவரை கொதிக்காது. ஏற்காட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் மூடி நன்றாக இருந்தால் ரேடியேட்டர் இருப்பது மலையா தரையா என்ற பேதம் எஞ்சினுக்குப் பெரிதாகத் தெரியாது. பெருத்து மிஞ்சும் அந்த ஒரு டம்ளர் நீரை இந்த வால்வு பாட்டிலுக்கு அனுப்பும்.

இரண்டாவது வால்வு மூடியின் அடியில் நடுமத்தியில் இருக்கும் ஒரு சின்னப் பித்தளை வில்லை. சட்டைப் பித்தான் அளவுதான். எஞ்சின் ஆறும்போது உள்ளே நீர் சுருங்கும், வெற்றிடம் உண்டாகும், அந்த வில்லை கீழே இறங்கி வழி விடும், பாட்டிலில் இருக்கும் நீர் திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். போன தண்ணீர் திரும்பி வரும் வழி அது ஒன்றுதான். நகத்தால் இழுத்தால் மெதுவாக இறங்கி, விட்டால் திரும்ப ஒட்ட வேண்டும். என் மூடியில் அது வெள்ளைப் படிவு பிடித்து அசையாமல் இருந்தது. 

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன நீர் திரும்ப முடியாமல் பாட்டிலில் நிற்கிறது. ரேடியேட்டர் குறைந்து, ஓஸ் சப்பையாகிறது. நான் அப்படியே விட்டிருந்தால் மறுநாள் நீர் பெருக்கும்போது அந்தக் காலி இடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கும். ஆனால் நான் தினமும் மூடியைத் திறந்து ஒரு சொம்பு ஊற்றினேன். ஊற்றிய சொம்பு அன்று மதியம் சூடாகிப் பாட்டிலுக்குப் போனது. மறுநாள் இன்னொரு சொம்பு. மூன்றாம் நாள் பாட்டில் கொள்ளவில்லை. வண்டியை ஒழுகவிட்டது நான்தான், ஒவ்வொரு சொம்பிலும் கூலன்ட்டை நீர்த்துப்போகச் செய்து, சுண்ணாம்பையும் சேர்த்து.

பாட்டிலுக்குப் போகும் சின்ன ஓஸில் விரிசல் இருந்தாலும் நீர் திரும்பாது என்றார் பெரியவர். ஆனால் அப்போது மேல் ஓஸ் சப்பையாகாது, விரிசல் வழியே காற்று உள்ளே போய்விடும். சப்பையாக இருந்ததால் மூடியை முதலில் பார்த்ததாகச் சொன்னார். பாட்டிலுக்குள் இறங்கும் குழாய் கழன்றிருந்தாலும் இதே கதைதான், நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். எந்தக் கருவியும் இல்லாமல், ஓர் இரவு காத்திருந்ததில் தெரிந்துகொண்ட விஷயங்கள் இவை.

புது மூடி அப்போது 200 ரூபாய்க்குள் கிடைத்தது. என் வண்டிக்கு உரியதையே தேடி வாங்கச் சொன்னார். வாய் அகலம் பொருந்தினாலும் ஆழம் மாறினால் ரப்பர் சரியாக உட்காராது, 0.9 என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இருக்காது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், ஐந்து ரோடு சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால்.

புது மூடி போட்டு, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தார் பெரியவர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மேல் ஓஸைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கரும்பு மாதிரி விறைத்திருந்தது. ஆனால் சூடு இல்லை. அவர் முகம் மாறியது. எஞ்சினை நிறுத்தினார், மூடியைத் திறந்தார் (ஆறிய எஞ்சின் என்பதால்), விளிம்புவரை நீர் ஊற்றி மறுபடி ஸ்டார்ட் செய்தார். நீரில் குமிழி. காற்றடைப்பு வெளியேறும்போதும் குமிழி வரும், ஆனால் அது கொஞ்ச நேரத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் அதிகமாகியது.

"கேஸ்கெட்டுங்க தம்பி."

நீர் சூடாகிப் பெருத்தால் ஓஸ் விறைக்கும், அது இயல்பு. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். நீர் இன்னும் சூடாகவே இல்லாதபோது அழுத்தம் எங்கிருந்து வருகிறது? ஒரே இடம்தான், சிலிண்டர். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் காற்றை அழுத்துவதே 10 பாருக்கு மேல், எரியும்போது அதைப்போலப் பல மடங்கு. இந்தப் பக்கம் மூடி தாங்குவது 0.9. நடுவில், ஹெட்டுக்கும் அதற்குக் கீழே உள்ள எஞ்சினுக்கும் இடையே, கசியாமல் அடைக்கும் ஒரு மெல்லிய தகடு, அதுதான் கேஸ்கெட். அதில் மயிரிழை வழி விழுந்தால் போதும், எரிந்த புகை நீருக்குள் புகுந்து, நீரைப் பாட்டிலுக்கு விரட்டும். இதுவும் பாட்டில் வழிவதுதான். ஏற்காட்டில் வழிந்ததும், தினமும் வழிந்ததும், இப்போது வழிவதும் பார்வைக்கு ஒன்று. காரணம் மூன்று.

எனக்கு நம்ப மனம் வரவில்லை. ஆயில் குச்சியை எடுத்துக் காட்டினேன், தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. பாலாடை மாதிரி வெளுத்திருந்தால்தானே கேஸ்கெட்? சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லையே? இதை நான் பல இடங்களில் படித்திருந்தேன். பெரியவர் பொறுமையாகச் சொன்னார். கேஸ்கெட் எந்த இரண்டுக்கு நடுவே கிழிகிறதோ அதற்கேற்றபடிதான் அடையாளம். நீர் வழிக்கும் ஆயில் வழிக்கும் நடுவே கிழிந்தால் ஆயில் வெளுக்கும். சிலிண்டருக்கும் நீர் வழிக்கும் நடுவே கிழிந்தால் ஆயில் சுத்தமாகவே இருக்கும். வெள்ளைப் புகையும், நீர் உள்ளே போகும் அளவுக்குக் கிழிசல் பெரிதானால்தான் வரும். ஆயில் நன்றாக இருக்கிறது, எனவே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்பது தப்புக் கணக்கு.

உறுதி செய்துகொள்ள வேறொரு பட்டறைக்கு அனுப்பினார், அங்கே சோதனைத் திரவம் இருந்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம், அதை ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சுவார்கள். நீர் திரவத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து திரவத்தை அமிலமாக்கும், நீலம் மஞ்சளாகும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த புரோமோதைமால் புளூதான். அங்கே உறிஞ்சுகுழலில் ஊதி நிறம் மாறியபோது கைதட்டினோம். இங்கே நிறம் மாறியபோது நான் கடைக்காரரைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஹெட்டை இறக்கினார்கள். அந்த வேலையை விவரிக்கப் போவதில்லை, மூன்று நாள், நிறைய நட்டுகள். ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. நேர்விளிம்புக் கம்பியை ஹெட்டின் மேல் குறுக்கே வைத்து, அதற்கு அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார்கள். பொதுவாக 0.05 மில்லிமீட்டர்தான் அனுமதி. என்னுடையதில் நடுப்பகுதியில் தகடே வேண்டாம், குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. ஐந்து ரோட்டிலிருந்து வீடு வரையிலான அந்த 2 கிலோமீட்டர் அது. லேத்துக்கு அனுப்பி ஹெட்டின் முகத்தைச் சமமாகச் சீவி (ஃபேஸிங்), புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகும்படி மூன்று தவணையாக முறுக்கினார்கள்.

ரிலேயும் பழைய ஸ்விட்சும் இடத்துக்கு வந்தன. இழுப்பறையிலிருந்து தெர்மோஸ்டாட்டும்.

கூலன்ட் ஊற்றும்போது பெரியவரிடம் ஒரு சண்டை போட்டேன். பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு, நல்ல தண்ணீர் போதாதா? கோயம்புத்தூர்ப் பக்கம் சிறுவாணித் தண்ணீர் ஊற்றி வருடக்கணக்காக ஓட்டியவர்கள் இருக்கிறார்களே? உப்பு இல்லாத தண்ணீர் சுண்ணாம்பு படியவிடாது, உண்மை. ஆனால் துருவைத் தடுக்காது. இரும்பும் அலுமினியமும் பித்தளையும் ஒரே நீரில் சூடாக நனைந்துகொண்டிருக்கிறபோது ஒன்றை ஒன்று அரிக்கும், அதைத் தடுக்கும் மருந்துதான் கூலன்ட்டின் பெரும்பயன் நமக்கு. கொதிநிலையும் கொஞ்சம் கூடும், பாதிக்குப் பாதி கலந்தால் அழுத்தம் இல்லாமலேயே 107 டிகிரி பக்கம். அதற்காகத் தண்ணீரே கலக்காமல் முழுக்க ஊற்றினால் தப்பு, வெறும் கூலன்ட் சூட்டைச் சுமப்பதில் தண்ணீரைவிட மட்டம். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றலாம், கெட்டியாக விற்பதற்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் உப்பு நீக்கிய தண்ணீர். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்ற நிறத்தை நம்பிக் கலக்கக்கூடாது, நிறத்துக்குப் பொது விதி கிடையாது, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாததைக் கலந்தால் கூழாகிவிடும்.

மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, வண்டியின் மூக்கை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, அரை மணி நேரம் ஓடவிட்டார். ஹீட்டர் குழாயில் நிற்கும் காற்று மெல்ல மெல்ல டொப் டொப் என்று வெளியேறியது. சித்திரை வெயிலில் கார் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து சூடான காற்று ஒரே சீராக வரத் தொடங்கியபோது ஃபேன் தானாகப் போட்டது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது, மறுபடி போட்டது.

பாட்டிலில் FULL கோட்டுக்கு ஒரு விரல் கீழே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். காலையில் அங்கே இருக்கும், ஓடி வந்தால் ஒரு விரல் ஏறும், மறுநாள் காலை திரும்பக் கோட்டுக்கு வரும். ரேடியேட்டர் மூடியை நான் திறப்பதே இல்லை.

வடித்த பழைய கூலன்ட் ஒரு கேனில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால், இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். அன்றைக்குத் தங்கை அந்த நாயைத் துரத்தியது நல்லதாய்ப் போயிற்று. பட்டறைகளில் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். இதை எங்கே கொடுப்பது என்று நான்கு இடத்தில் கேட்டுவிட்டேன், நான்கு பேரும் ஊற்றிவிடுங்கள் சார் என்கிறார்கள். கேனின் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா தினமும் கேட்கிறாள், இதை எப்போதடா எடுக்கப்போகிறாய் என்று.